ஜீப் டாப்பைக் கிழித்தது யார்?

ஆவடி அருகே நள்ளிரவு மர்மம். தையற்காரர் துப்புத் துலக்கினார்!
மழைக்கு முன்பு நீங்களே தைத்துக்கொள்வது எப்படி?

(நமது நிருபர்)

ஆவடி அருகே வீட்டு வாசலில் நிறுத்தி இருந்த ஜீப்பின் டாப், ஒரே இரவில் இரண்டு முழ நீளத்துக்குக் கிழிந்து தொங்கியது. பக்கத்து வீட்டு வாலிபர் மீது சந்தேகம் விழுந்தது. போலீஸ் நிலைய வாசல் வரை போன இந்த விவகாரத்தில், உண்மைக் குற்றவாளியை ஒரு தையற்காரர் ஐந்தே நிமிடத்தில் கண்டுபிடித்துச் சொன்னார்.

இதுபற்றிய விவரம் வருமாறு:-

வாய்த் தகராறு

ஜீப்பின் சொந்தக்காரர் ஹார்டுவேர் கடை வைத்து இருக்கிறார். பழைய ஜீப். மடக்கும் டாப் போட்டது. கடைக்குச் சாமான் ஏற்றி வருவதும் அதில்தான், குடும்பத்தோடு கோவிலுக்குப் போவதும் அதில்தான். பெற்ற பிள்ளை மாதிரி வைத்து இருக்கிறார்.

தெருவோ குறுகல். ஜீப்பை நிறுத்தினால் பாதித் தெரு அடைபடும். பக்கத்து வீட்டு வாலிபருக்கு வயது 19. காலையில் மோட்டார் சைக்கிளை வெளியே எடுக்க முடியவில்லை என்று அடிக்கடி வாக்குவாதம் வரும். சம்பவத்துக்கு முந்தின நாள் மாலை அது முற்றிவிட்டது.

"இன்னொரு தடவை இப்படி நிறுத்தினீங்கன்னா, டாப்பைக் கிழிச்சுப் போட்டுடுவேன் அண்ணே" என்று வாலிபர் ஆத்திரத்தில் கத்திவிட்டார். தெருவில் இருந்த நாலு பேர் காதிலும் அது விழுந்தது.

அன்று இரவு காற்றோடு மழை. விடிந்து பார்த்தால் டாப் கிழிந்து கிடந்தது. உள்ளே வைத்திருந்த வெள்ளை சிமெண்டு மூட்டை நனைந்து வீணாகி விட்டது.

சொல்ல வேண்டுமா? வீட்டு வாசலில் கூட்டம் கூடிவிட்டது.

தாயின் கண்ணீர்

ஜீப்காரர் வெள்ளைத் தாளில் புகார் எழுத ஆரம்பித்தார். வாலிபரின் தாயார் ஓடிவந்து அழுதார்.

"அவன் வாய்தான் சார் துடுக்கு. கை அப்படி இல்லே. ராத்திரி பூரா வீட்டிலேதான் படுத்திருந்தான். போலீஸ் வேலைக்கு மனு போட்டிருக்கான். கேஸுன்னு ஒண்ணு விழுந்தா அவன் கதி என்ன?" என்று நிருபரிடம் கேட்டார்.

அந்த அம்மாள் பயந்ததில் நியாயம் இருக்கிறது. பிறர் சொத்துக்கு வேண்டுமென்றே சேதம் விளைவிப்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் 324-வது பிரிவின் கீழ் குற்றம். போலீஸ் வேலைக்கு ஆள் எடுக்கும்போது, மனுதாரர் மீது வழக்கு உண்டா என்று விசாரிப்பார்கள். ஒரு துணிக் கிழிசல் ஒருவருடைய வேலையையே கிழித்துவிட முடியும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. தெரிந்தே பொய்ப் புகார் கொடுத்தால், கொடுத்தவர் மீதே 217-வது பிரிவு பாயும்.

ஜீப்காரர் புகாருடன் போலீஸ் நிலையத்துக்குப் புறப்பட்டார். நிலைய வாசலில் நின்றிருந்த தெரிந்த ஏட்டு, ஜீப்பைச் சுற்றிப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "பிளேடு போட்டதை நீங்க பார்த்தீங்களா?"

ஜீப்காரரிடம் பதில் இல்லை. "டாப் தைக்கிறவர் யார்கிட்டயாவது காட்டிட்டு வந்துடறேன்" என்று அவரே சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பினார். பெயர்களை வெளியிட வேண்டாம் என்று இரு வீட்டாரும் கேட்டுக்கொண்டதால் வெளியிடவில்லை.

கிழிசல் சொன்ன சாட்சி

ஆவடி தையலுக்குப் புதிய ஊர் அல்ல. ராணுவத்துக்கு உடுப்புத் தைக்கும் தொழிற்சாலை 1961-ல் இங்கே வந்தது. டாங்கி செய்யும் கனரக வாகனத் தொழிற்சாலையும் அதே காலத்தில் வந்ததுதான். இரும்பு வேலையும் தெரியும், துணி வேலையும் தெரியும் என்று சொல்கிற ஆட்களுக்கு இந்தப் பக்கம் பஞ்சம் கிடையாது.

பூந்தமல்லி சாலை ஓரம் ஜீப் டாப், ஆட்டோ டாப், லாரி படுதா எல்லாம் தைக்கும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். வயது 60-ஐத் தாண்டியவர். மூக்குக் கண்ணாடியைக் கீழே இறக்கிவிட்டுக் கிழிசலைப் பார்த்தார். இரண்டு விரலால் ஓரத்தைத் தடவினார். ஒரு நூலைப் பிடித்து இழுத்தார். அது பொட்டென்று அறுந்தது.

அவர் கூறியதாவது:-

"பிளேடு போட்டா வெட்டு நேரா போகும். நூல் எல்லாம் ஒரே மட்டமா இருக்கும், முடி வெட்டின மாதிரி. இதைப் பாருங்க. ஒரு நூல் நீளம், ஒரு நூல் குட்டை. பிசிறு பிசிறா நிக்குது. வெட்டினா இப்படி வராது.

"ரெண்டாவது, கிழிசல் எங்கே ஆரம்பிக்குது? தையல்லே. தையல் ஓட்டை ஒண்ணோட ஒண்ணு சேர்ந்து போயிருக்கு. தபால் தலைய ஓட்டை வழியா கிழிப்போமே, அதே மாதிரி. அங்கேருந்து டாப்பை மடிக்கிற இடத்துக்கு வந்து, அந்த மடிப்பு வழியாவே ஓடி இருக்கு. திருடன் வந்து மடிப்புப் பார்த்தா கிழிப்பான்?

"மூணாவது, கீழே இருக்கிற பைப்பைப் பாருங்க. துரு. பக்கத்திலே போல்ட்டுத் தலை நீட்டிட்டு இருக்கு. வண்டி ஆட ஆட, துணியை அது அரம் மாதிரி ராவி இருக்கு. ரொம்ப நாளா நடக்கிற வேலை இது. ராத்திரி அடிச்ச காத்து கடைசித் தள்ளு தள்ளிச்சு. அவ்வளவுதான்."

அப்படியானால் குற்றவாளி யார்?

"வெயிலுங்க" என்றார் பெரியவர்.

கூட வந்த வாலிபர் மூச்சு விட்டார். ஜீப்காரர் புகார் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

இன்சூரன்ஸ் கிடைக்குமா?

இந்த வித்தியாசம் தெரிவது போலீசுக்கு மட்டும் அல்ல, பணத்துக்கும் முக்கியம். வண்டிக்கு முழு இன்சூரன்ஸ் எடுத்திருந்து, விஷமிகள் வேண்டுமென்றே டாப்பைக் கிழித்திருந்தால், அது சாதாரணமாக இன்சூரன்சில் அடங்கும். போலீசில் சொல்லி ரசீது வாங்க வேண்டி வரும். நாள்பட்ட தேய்மானத்தால் கிழிந்தால் கிடைக்காது. மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் மட்டும் வைத்திருப்பவர்களுக்கு இரண்டுக்கும் கிடைக்காது.

ஆகவே டாப் கிழிந்தால் உடனே சத்தம் போடாதீர்கள். முதலில் கிழிசலின் ஓரத்தைப் பாருங்கள். ஒரு போட்டோவும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

வெயில் என்ன செய்கிறது?

மழைதான் டாப்புக்கு எதிரி என்று நினைக்கிறோம். மழை ஓட்டையைக் காட்டிக் கொடுக்கிறது. ஓட்டையைப் போடுவது வெயில்.

ரெக்ஸின் என்று நாம் சொல்லும் துணிக்கு மேலே பிளாஸ்டிக் பூச்சு இருக்கிறது. அது வளைந்து கொடுப்பதற்காக ஒரு வகை எண்ணெய்ப் பசை கலந்து இருப்பார்கள். வருஷக்கணக்கில் வெயிலில் நின்றால் அந்தப் பசை வற்றிப்போகும். ரெக்ஸின் அப்பளம் மாதிரி விறைத்து, மடித்த இடத்தில் வெடிக்கும். வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் தையல் நூலையும் தின்றுவிடும். பருத்தி நூலாக இருந்தால் ஈரத்தில் மக்கியும் போகும். துணி நன்றாக இருக்கும்போதே நூல் செத்துப்போய் இருக்கும்.

ரெக்ஸின் என்பது உண்மையில் ஒரு கம்பெனியின் பெயர். இங்கிலாந்தில் மான்செஸ்டர் அருகே ஹைடு என்ற ஊரில் அந்தப் பெயரில் போலித் தோல் துணி செய்தார்கள். கம்பெனி பெயரே துணிக்குப் பெயராகி, நம் குஷன் கடை வரை வந்து நிலைத்துவிட்டது.

விலை உயர்ந்த வெளிநாட்டுக் கார்களின் மடக்கும் டாப் மூன்று அடுக்காக இருக்கும். மேலே கெட்டித் துணி, நடுவில் ரப்பர், உள்ளே இன்னொரு துணி. நம் ஊரில் மடக்கும் டாப் என்றால் ஜீப்தான் ஞாபகத்துக்கு வரும். 1985-ல் வந்த மாருதி ஜிப்சியிலும், 2010-ல் வந்த மகிந்திரா தாரிலும் துணி டாப் உண்டு. 2020-ல் வந்த புதுத் தாரிலும் மடக்கும் டாப் கிடைத்தது.

இவ்வளவு எதற்கு? தினம் நீங்கள் ஏறும் ஆட்டோவின் டாப்பும் இதே ஜாதிதான். பைப்பின் மேல் ரெக்ஸின். வெயில் படுத்தும் பாடும் ஒன்றுதான். தைக்கும் முறையும் ஒன்றுதான். ஆட்டோவில் டாப் ஒழுகினால் ஏறிய சவாரி பாதியில் இறங்கிவிடும். அன்றைய வருமானத்தில் துண்டு விழும்.

கிள்ளிப் பாருங்கள்

டாப்பைத் தைக்கலாமா, மாற்ற வேண்டுமா என்று தெரிந்துகொள்ளப் பெரியவர் இரண்டு சோதனை சொன்னார்.

முதல் சோதனை நூலுக்கு. ஊசி முனையால் தையலை லேசாக நெம்பிப் பாருங்கள். நூல் அறுந்தால், கிழியாத இடத்திலும் தையல் போய்விட்டது என்று அர்த்தம். துணி நன்றாக இருந்தால் மறு தையல் போட்டால் போதும்.

இரண்டாவது சோதனை துணிக்கு. ஓரத்தில் ஒரு மூலையை மடித்துக் கிள்ளுங்கள். வளைந்து கொடுத்தால் பிழைத்தது. வெடித்து வெள்ளைக் கோடு விழுந்தால் அந்த டாப்பில் ஊசி போடுவது வீண். இங்கே தைத்தால் அங்கே கிழியும். புது டாப்தான் போட வேண்டும்.

இந்த ஜீப்பின் டாப் முதல் சோதனையில் தோற்றது. இரண்டாவதில் ஜெயித்தது. "நீங்களே தைச்சுக்கலாம், எனக்கு எதுக்குக் கூலி?" என்று பெரியவர் வழி சொல்லி அனுப்பினார்.

செய்முறை

ஓட்டை தேடுதல்: கிழிசல் கண்ணுக்குத் தெரிகிறது. ஆனால் தெரியாத ஓட்டையும் இருக்கும். ஒருவர் உள்ளே சாக்பீசுடன் உட்கார வேண்டும். இன்னொருவர் வெளியே சொம்பால் தண்ணீர் விட வேண்டும். கீழே இருந்து ஆரம்பித்து மேலே போக வேண்டும். மேலே முதலில் ஊற்றினால் தண்ணீர் எல்லா இடமும் ஓடி, எது ஓட்டை என்றே தெரியாது. சொட்டும் இடத்தை உள்ளே இருப்பவர் குறி போட வேண்டும்.

கழுவுதல்: சாதா சோப்புத் தண்ணீர், மெத்தென்ற பிரஷ். பெட்ரோல், தின்னர், பிளீச்சிங் பவுடர் கூடவே கூடாது. அழுக்கோடு பூச்சும் போய்விடும். கழுவிய பிறகு ஒரு நாள் முழுக்கக் காய வேண்டும். ஈரத்தில் பசை பிடிக்காது.

காரணத்தை ஒழித்தல்: தைப்பதற்கு முன்பு பைப்பைக் கவனியுங்கள். துருவை உப்புத் தாளால் தேய்த்து, பெயிண்ட் அடித்து, கெட்டித் துணி நாடாவைச் சுற்றுங்கள். நீட்டிய போல்ட்டைத் திருப்பிப் போட்டு, தலைக்கு மூடி கொடுங்கள். இதைச் செய்யாமல் தைத்தால் மறுபடியும் அதே இடத்தில்தான் கிழியும்.

ஒட்டு வெட்டுதல்: அதே கனத்தில் ரெக்ஸின் துண்டு வாங்குங்கள். கிழிசலைவிட எல்லாப் பக்கமும் இரண்டு விரற்கடை பெரிதாக இருக்க வேண்டும். நாலு மூலையையும் வட்டமாக வெட்டுங்கள். கூர் மூலை இருந்தால் முதலில் அதுதான் பெயர்ந்து வரும்.

ஒட்டுதல்: ஒட்டு எப்போதும் உள்பக்கம். மேல்பக்கம் ஒட்டினால் காற்று அதன் ஓரத்தில் புகுந்து பிய்த்துவிடும். அடிப்பக்கம் துணி என்பதால் பசையும் நன்றாகக் கவ்வும். ரெக்ஸின் ஒட்டுகிற பசையை இரண்டு பக்கமும் மெல்லிசாகத் தடவுங்கள். உடனே ஒட்டக் கூடாது. பத்துப் பதினைந்து நிமிஷம் பொறுங்கள். விரலில் ஒட்டாத பதம் வந்ததும், கிழிசலின் இரண்டு ஓரத்தையும் சேர்த்து வைத்து அழுத்துங்கள். சோடா பாட்டிலை உருட்டினால் அடியில் காற்று நிற்காது. ஒரு நாள் விடுங்கள்.

தைத்தல்: பருத்தி நூல் வேண்டாம். பாலியஸ்டர் நூல் அல்லது நைலான் நூல் வாங்கி மெழுகில் இழுத்துக்கொள்ளுங்கள். பழைய தையல் ஓட்டை வழியாகவே ஊசி போகட்டும். புது ஓட்டை ஒவ்வொன்றும் மழைக்கு ஒரு வாசல். ஒட்டுப் போட்ட இடத்தில் ஓட்டை போட்டே ஆக வேண்டும் என்றால், அரை விரற்கடைக்கு ஒன்று போதும். நெருக்கித் தைத்தால் மறுபடியும் தபால் தலை கதைதான். கிழிசல் முனையைத் தாண்டி இரண்டு விரற்கடை தைத்து முடிச்சுப் போடுங்கள். கடைசியில் தையல் மேல் மெழுகைத் தேயுங்கள்.

மாட்டுதல்: ரெக்ஸின் டாப்பை வெயிலில் ஒரு மணி நேரம் விரித்துப் போட்டு, இளகிய பிறகு மாட்டுங்கள். இழுத்துப் பிடிக்கத் தேவை இருக்காது. கித்தான் டாப்பாக இருந்தால் கொஞ்சம் தளர்வாக விடுங்கள். பருத்திக் கித்தான் மழையில் நனைந்தால் சுருங்கும். இறுக்கிக் கட்டி இருந்தால் பட்டனைப் பிய்த்துக்கொண்டு வந்துவிடும்.

பின்பக்கப் பிளாஸ்டிக் ஜன்னல் இருந்தால், தூசியோடு துடைக்காதீர்கள். முதலில் தண்ணீர் ஊற்றித் தூசியை ஓட்டிவிட்டு, பிறகு மெல்லிய துணியால் ஒற்றுங்கள். டாப்பை மடக்கும்போது ஜன்னலுக்கு நடுவே ஒரு பழைய வேட்டித் துணியை வையுங்கள். கீறல் விழாது. ஈர டாப்பை ஒருபோதும் மடக்காதீர்கள். பூஞ்சக்காளான் பிடிக்கும்.

எச்சரிக்கை!

ரெக்ஸின் பசையின் ஆவி தீப்பிடிக்கக் கூடியது. கதவு, ஜன்னல் மூடிய ஷெட்டுக்குள் வேலை செய்யக் கூடாது. பீடி, சிகரெட், ஊதுபத்தி எதுவும் பக்கத்தில் வரக் கூடாது. ஜீப்பின் பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு ஆரம்பியுங்கள். குழந்தைகளைத் தள்ளி நிறுத்துங்கள்.

இன்னொரு எச்சரிக்கை. "துணி டாப்பே வேண்டாம், தகரம் அடித்துவிடலாம்" என்று சிலர் யோசிப்பார்கள். பழைய டாப் இருந்தபடியே தைப்பதும், அதே மாதிரி டாப் போடுவதும் வேறு. வண்டியின் அமைப்பையே மாற்றுவது வேறு. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு இதற்குக் குறுக்கே நிற்கிறது. கம்பெனி வடிவமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று சுப்ரீம் கோர்ட்டும் 2019-ல் தீர்ப்புச் சொல்லி இருக்கிறது. அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தத்தின்படி, மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5 ஆயிரம் ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை ஜெயில், அல்லது இரண்டும். ஆகவே முதலில் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். ஆவடி, பூந்தமல்லி, அம்பத்தூர்க்காரர்களுக்கு அலுவலகம் தூரம் இல்லை.

மழை நெருங்குகிறது

சென்னையில் ஒரு வருஷத்தில் சுமார் 1,400 மில்லி மீட்டர் மழை பெய்கிறது. அதில் ஏறக்குறைய 60 சதவீதம் அக்டோபர் முதல் டிசம்பர் வரை மூன்றே மாதத்தில் கொட்டிவிடும். 2015 டிசம்பரை யாரும் மறக்கவில்லை. 2023 டிசம்பரில் மிச்சாங் புயல் வந்தபோது அம்பத்தூர் தொழிற்பேட்டையே தண்ணீரில் நின்றது. அப்பேர்ப்பட்ட வெள்ளத்தை ஒரு துணி டாப் தடுக்காது. ஆனால் வழக்கமான ஐப்பசி மழையில் சாமானும், சவாரியும், பள்ளிக்கூடப் பிள்ளைகளும் நனையாமல் இருக்க, ஒரு நாள் வேலையும் ஒரு ஊசி நூலும் போதும்.

இரண்டு ஊசி, இரண்டு பேர்

கடைசியாக, ஆவடி விவகாரம் என்ன ஆயிற்று?

செருப்புத் தைப்பவர்கள் ஒரே நூலின் இரண்டு முனையிலும் ஊசி கோத்து, ஒரே ஓட்டையில் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் வாங்கித் தைப்பார்கள். ஒரு தையல் அறுந்தாலும் பக்கத்துத் தையல் அவிழாது. டாப்புக்கும் அதுதான் சிறந்தது என்று பெரியவர் சொல்லி இருந்தார். டாப்பை வண்டியில் வைத்தபடியே அப்படித் தைக்க வேண்டுமானால் உள்ளே ஒருவர், வெளியே ஒருவர் வேண்டும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நிருபர் அந்தத் தெருவுக்குப் போனபோது, ஜீப்புக்கு உள்ளே சொந்தக்காரர் உட்கார்ந்து இருந்தார். வெளியே ஸ்டூல் போட்டு ஏறி நின்றவர் பக்கத்து வீட்டு வாலிபர்.

"இழுடா தம்பி."

"இழுத்துட்டேன் அண்ணே, நீங்க விடுங்க."

ஊசி உள்ளே போவதும் வெளியே வருவதுமாக இருந்தது. வாலிபரின் தாயார் இருவருக்கும் காபி கொண்டுவந்து வைத்தார். ஜீப் அன்று சுவர் ஓரமாக ஒண்டி நின்றது. மோட்டார் சைக்கிள் போக வழி இருந்தது.

எழுதிய புகார் எங்கே என்று நிருபர் கேட்டார். ஜீப்காரர் சிரித்துக்கொண்டே, கீழே கிடந்த ஒரு தாளை எடுத்துக் காட்டினார். நாலு மூலையும் வட்டமாக வெட்டி இருந்தது. ஒட்டுத் துணி வெட்ட அதைத்தான் அளவுக்கு வைத்துக்கொண்டாராம்.